நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்குறீங்களா? பில் போடும் முன் இதையெல்லாம் கேளுங்க!

பொண்ணு பார்த்தாச்சு, தேதி குறிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. அடுத்தது மோதிரம். "தங்கத்துல போட்டா போதாதா?" என்று பெரியவர்கள் கேட்டாலும், ஒரே ஒரு கல் வைத்த வைர மோதிரம்தான் வேண்டும் என்று பல ஜோடிகள் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

தங்கம் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் கணக்கு தெரியும். இன்றைய ரேட் என்ன, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பாட்டி முதல் பேத்தி வரை கேள்வி கேட்பார்கள். ஆனால் வைரம் என்று வந்ததும், அதே குடும்பம் கவுன்டர் முன்னால் அமைதியாகிவிடுகிறது. காரணம், வைரத்துக்கு தங்கம் போல தினசரி போர்டு ரேட் கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு கற்களின் விலை பல மடங்கு வித்தியாசப்படலாம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்படியென்றால் நல்ல வைரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

'4 சி' என்றால் என்ன?

கட், கலர், கிளாரிட்டி, கேரட். ஆங்கிலத்தில் இந்த நான்கும் 'சி' எழுத்தில் தொடங்குவதால் இதற்கு '4 சி' என்று பெயர். 1931-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜிஐஏ என்ற ரத்தினவியல் நிறுவனம் வகுத்த இந்த அளவுகோலைத்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

நம்மூர் கடைகளில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது எடை. அதாவது "இது அரை கேரட், இது முக்கால் கேரட்" என்பார்கள். அடுத்து "இ-எஃப் கலர், விவிஎஸ் கிளாரிட்டி" என்று சொல்வார்கள். கட் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், சில நேரம் வரவே வராது. ஆனால் மோதிரத்தில் கல் மின்னுமா, மின்னாதா என்பதை முடிவு செய்வது அந்தக் கட்தான்.

1. கட்: மினுமினுப்பின் ரகசியம் இங்கேதான்

கட் என்றதும் பலரும் வட்டம், ஓவல், சதுரம் என்று வடிவத்தை நினைக்கிறார்கள். அது ஷேப். கட் என்பது கல்லை எவ்வளவு சரியான கோணத்தில் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்பது.

வட்ட வடிவ பிரில்லியன்ட் வைரத்தில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். கோணங்கள் சரியாக இருந்தால், மேலே இருந்து உள்ளே போகும் ஒளி அடிப்பகுதியில் பட்டுத் திரும்பி மேலேயே வந்துவிடும். அதுதான் நாம் பார்க்கும் மினுக்கு. கல் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தாலோ, தட்டையாக இருந்தாலோ ஒளி கீழ்ப்பக்கமாகவும் பக்கவாட்டிலும் நழுவிவிடும். எவ்வளவு வெள்ளையான, சுத்தமான கல்லாக இருந்தாலும் அது மங்கலாகத்தான் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. பட்டை தீட்டும்போது எடையை அதிகமாகத் தக்கவைக்க, கல்லைக் கொஞ்சம் ஆழமாகவே விட்டுவிடுவது உண்டு. அந்தக் கூடுதல் எடை கல்லின் அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அகலம் தெரியாது. எடைக்குப் பணம் கொடுத்தும், பார்க்க சின்னக் கல்லாகவே இருக்கும்.

ஜிஐஏ அறிக்கையில் வட்டக் கல்லின் கட், எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று ஐந்து தரமாகப் பிரிக்கப்படும். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எக்ஸலன்ட்தான் முதல் தேர்வு. பட்ஜெட் இடித்தால் வெரி குட் வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

கவனிக்க: ஓவல், பியர் போன்ற மற்ற வடிவங்களுக்கு ஜிஐஏ இந்தக் கட் தரத்தைக் கொடுப்பதில்லை. அங்கே கண்தான் கருவி. ஓவல் கல்லின் நடுவில் 'போ டை' போல ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அது அழுத்தமாகத் தெரிந்தால் வேறு கல்லைக் கேட்கலாம்.

2. கலர்: மோதிரத்தின் உலோகத்தைப் பொறுத்தது

பெரியவர்கள் 'நீரோட்டம்' பார்த்து வாங்கணும் என்பார்கள். கல்லின் தெளிவையும் ஒளியையும் சேர்த்துச் சொல்லும் பழைய சொல் அது. இன்றைய அளவுகோலில் நிறத்துக்கு ஆங்கில எழுத்துகளில் 'டி' முதல் 'இசட்' வரை 23 படிகள் உண்டு. 'டி' என்றால் துளி நிறமும் இல்லாதது. போகப் போக மஞ்சள் சாயல் கூடும்.

'டி', 'இ', 'எஃப்' மூன்றும் நிறமற்ற பிரிவு. அடுத்து வரும் 'ஜி' முதல் 'ஜே' வரை ஏறத்தாழ நிறமற்ற பிரிவு. ஒரு 'எஃப்' கல்லையும் ஒரு 'ஜி' கல்லையும் மோதிரத்தில் பதித்துவிட்டால், பழக்கமில்லாத கண்ணால் பிரித்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். ஆனால் விலையில் வித்தியாசம் இருக்கும்.

மஞ்சள் தங்கத்தில் மோதிரம் செய்வதாக இருந்தால், தங்கத்தின் நிறமே கல்லில் பிரதிபலிக்கும். அதனால் 'எச்', 'ஐ' கூட அழகாகவே இருக்கும். பிளாட்டினம் அல்லது வெள்ளைத் தங்கம் என்றால் லேசான மஞ்சளும் எடுத்துக்காட்டும் என்பதால் 'ஜி' அல்லது அதற்கு மேல் போகலாம்.

கடைக்குள் இருக்கும் ஸ்பாட் லைட்டில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். அதனால் கல்லை வாசல் பக்கம் கொண்டுபோய், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாள் மீது கவிழ்த்து வைத்துப் பாருங்கள். நிறம் அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

3. கிளாரிட்டி: சிலப்பதிகாரம் சொன்ன அதே குறைகள்

வைரத்துக்குள் இருக்கும் புள்ளி, கீற்று, மேகம் போன்ற மங்கல் ஆகியவைதான் கிளாரிட்டியைத் தீர்மானிக்கின்றன. இதைப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைப் பார்க்கும் இடத்தில், நல்ல வைரத்தில் இருக்கக் கூடாதவை என்று காகபாதம், களங்கம், விந்து, ரேகை ஆகிய நான்கு குறைகள் வருகின்றன. காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு. இன்று ஆய்வகத்தில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் தேடுவதும் கிட்டத்தட்ட இதையேதான்.

இன்றைய அளவுகோலில் 11 படிகள். குறையே இல்லாத 'ஃபிளாலெஸ்' மேலே. அடுத்து ஐஎஃப், விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, ஐ என்று இறங்கும். விவிஎஸ் கல்லில் உள்ள குறையை லென்ஸ் வைத்துத் தேடினாலே கண்டுபிடிப்பது கடினம். விஎஸ் கல்லிலும் வெறும் கண்ணுக்குப் பொதுவாக எதுவும் தெரியாது. எஸ்ஐ கல்லில் குறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

விரலில் போடுகிற மோதிரத்தை யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போவதில்லை. விஎஸ்1, விஎஸ்2 தாராளமாகப் போதும். விவிஎஸ்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல கட்டுக்குத் திருப்பினால், கல் கூடுதலாக மின்னும்.

4. கேரட்: 90 சென்ட்டா, 1 கேரட்டா?

தங்கத்தில் சொல்லும் கேரட் தூய்மையைக் குறிக்கும். வைரத்தில் கேரட் என்பது எடை. 1 கேரட் = 0.2 கிராம். 1 கேரட்டுக்கு 100 சென்ட். அதனால் அரை கேரட்டை 50 சென்ட் என்பார்கள்.

பெரிய கல் அரிது என்பதால், எடை கூடக் கூட ஒரு கேரட்டுக்கான விலையும் கூடும். மற்ற தரங்கள் ஒன்றாக இருந்தால், ஒரு 1 கேரட் கல்லின் விலை இரண்டு 50 சென்ட் கற்களின் விலையை விட அதிகமாக இருக்கும். அதிலும் 50 சென்ட், 1 கேரட் போன்ற முழு எண்களைத் தொடும்போது விலை ஒரு தாவு தாவும்.

இங்கே மிச்சம் பிடிக்கலாம். நன்றாகப் பட்டை தீட்டிய 1 கேரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். 90 சென்ட் கல் சுமார் 6.2 மில்லிமீட்டர். விரலில் இந்த வித்தியாசம் தெரியுமா? கிட்டத்தட்ட தெரியாது. பில்லில் மட்டும் நன்றாகவே தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. "ஒரு கேரட் மோதிரம்" என்று சொன்னால், அது ஒரே கல்லா, பல சின்னக் கற்களின் மொத்த எடையா என்று கேளுங்கள். ஏழு சின்னக் கற்கள் சேர்ந்து 1 கேரட் ஆவதற்கும், ஒரே கல் 1 கேரட் இருப்பதற்கும் விலையில் சம்பந்தமே இல்லை.

'புளூ ஜாகர்' நல்லதா?

"பாட்டியோட தோடு புளூ ஜாகர்" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. அங்கே கிடைத்த நீலச்சாயல் கொண்ட வெள்ளைக் கற்களுக்கு வணிகத்தில் தனி மதிப்பு இருந்தது. அந்தச் சுரங்கத்தின் வேலை 1971-லேயே நின்றுவிட்டது. எனவே இன்று ஒரு புதிய கல்லை இந்தப் பெயரில் காட்டினால், அது வணிகப் பெயர் மட்டுமே. ஆய்வக அறிக்கையில் அப்படி ஒரு தரம் கிடையாது.

அறிக்கையில் இருப்பது 'ஃபுளோரசன்ஸ்' என்ற வரி. புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வதைக் குறிப்பது இது. சுமார் 25 முதல் 35 சதவீத வைரங்களுக்கு இந்தத் தன்மை உண்டு, பெரும்பாலும் நீல நிறத்தில். நம்மூரில் நீலம் அடித்தால் விலை கூட்டிச் சொல்வார்கள். ஆனால் சர்வதேச சந்தையில், உயர்ந்த நிறத் தரமுள்ள கல்லில் ஃபுளோரசன்ஸ் பலமாக இருந்தால் விலை குறையும். அதனால் 'புளூ ஜாகர்' என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வெயிலில் கல் பால் கலந்தது போல மங்கலாகத் தெரியவில்லை என்றால், ஃபுளோரசன்ஸ் இருப்பதில் பயப்படவும் எதுவும் இல்லை.

ஆய்வக வைரம், அமெரிக்கன் டயமண்ட்... எது எது?

பெரிய குழப்பம் நடப்பது இங்கேதான்.

* இயற்கை வைரம்: பூமிக்குள் உருவாகி, சுரங்கத்திலிருந்து எடுக்கப்படுவது.

* லேப் குரோன் வைரம்: ஆய்வகத்தில் வளர்த்த அசல் வைரம். அதிக அழுத்தம், அதிக வெப்பம் கொடுத்து வளர்ப்பது எச்பிஎச்டி முறை. கார்பன் வாயுவிலிருந்து அடுக்கடுக்காக வளர்ப்பது சிவிடி முறை. வேதியியல்படி இரண்டும் வைரமே. கடையில் இருக்கும் சாதாரண டெஸ்டர் பேனாவும் 'வைரம்' என்றே காட்டும். இயற்கையா, ஆய்வகமா என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது, அதற்கென உள்ள தனிக் கருவிகள் வேண்டும்.

* அமெரிக்கன் டயமண்ட்: பெயரில்தான் டயமண்ட். இது கியூபிக் சிர்கோனியா என்ற வேறு பொருள். 'ஏடி கல்' என்பதும் இதுவே. திருச்சி வட்டாரத்தில் பெயர் பெற்ற 'செயற்கை வைரம்' பட்டை தீட்டும் தொழிலும் சிர்கோனியா போன்ற செயற்கைக் கற்களைச் சார்ந்ததுதான். அதை லேப் குரோன் வைரத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

* மாய்சனைட்: சிலிக்கான் கார்பைடு. வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சில டெஸ்டர்களை இது ஏமாற்றிவிடும்.

லேப் குரோன் வாங்குவது தப்பா? நிச்சயம் இல்லை. 2023-ல் பிரதமர் மோடி அமெரிக்கா சென்றபோது ஜில் பைடனுக்குப் பரிசளித்தது 7.5 கேரட் லேப் குரோன் வைரம்தான். அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில் இந்த ஆராய்ச்சிக்கு 5 ஆண்டு நிதி அறிவிக்கப்பட்டு, சென்னை ஐஐடி தேர்வானது. இயற்கை வைரத்தை விட விலை பல மடங்கு குறைவு. அதே பட்ஜெட்டில் பெரிய கல் கிடைக்கும்.

ஆனால் உற்பத்தி கூடக் கூட, கடந்த சில ஆண்டுகளில் இதன் விலை வேகமாகச் சரிந்திருக்கிறது. இன்று வாங்கிய விலை நாளை திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. போட்டு மகிழ வாங்கினால் ஓகே, முதலீடு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். லேப் குரோன் கல்லை இயற்கை வைரம் என்று சொல்லி விற்றால் அது மோசடி.

சர்டிஃபிகேட்டில் எதைப் பார்க்கணும்?

ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்களின் அறிக்கைகள் பரவலாக ஏற்கப்படுபவை. இரண்டுக்கும் இந்தியாவிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கடையே அச்சடித்துத் தரும் கார்டு இதற்கு ஈடாகாது.

அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டால் முழு விவரமும் வரும். கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடலாம். பல கற்களின் இடுப்புப் பகுதியில் அதே எண் லேசரில் பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸ் கேட்டு வாங்கி, எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம், நல்ல கடைகள் தாங்களாகவே காட்டும்.

'இ-எஃப்' என்று இரண்டு எழுத்து ஏன் வருகிறது தெரியுமா? கல்லை நகையில் பதித்த பிறகு துல்லியமாகத் தரம் பிரிக்க முடியாது. அதனால் ஒரு வரம்பாகச் சொல்கிறார்கள். பல சின்னக் கற்கள் உள்ள நகைக்கு அது சரி. மோதிரத்தில் ஒற்றைக் கல் என்றால், பதிக்கும் முன் தரம் பிரித்து, ஒரே நிறம், ஒரே கிளாரிட்டி என்று எழுதிய அறிக்கையைக் கேளுங்கள்.

லேப் குரோன் கற்களுக்கு மட்டும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ இவற்றுக்கு 'டி', 'இ' போன்ற தரங்களைத் தருவதில்லை. 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே பிரிவுகள்தான்.

பில்லில் நடக்கும் கணக்கு

வைர மோதிரங்கள் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில்தான் செய்யப்படும். "ஏன் 916 இல்லை?" என்று சண்டை போட வேண்டாம். 22 கேரட் தங்கம் மென்மையானது. கல்லைப் பிடித்திருக்கும் நகம் போன்ற பிடிகள் வளைந்தால் கல் விழுந்துவிடும். ஆனால் பில்லில் 18 கேரட் தங்கத்தின் ரேட்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எடை. மோதிரத்தின் மொத்த எடை 4 கிராம், அதில் 50 சென்ட் வைரம் என்று வைத்துக்கொள்வோம். வைரத்தின் எடை 0.1 கிராம். தங்கத்துக்கு 3.9 கிராமுக்குத்தான் பணம் வாங்க வேண்டும். 4 கிராமுக்கும் வாங்கினால், கல்லுக்கு வைர விலையும் தங்க விலையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஹால்மார்க் முத்திரையும், ஆறு இலக்க எச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே உத்தரவாதம். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம். வைரத்தின் தரத்துக்கும் ஹால்மார்க்குக்கும் தொடர்பில்லை.

அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா?

பல குடும்பங்களுக்கு நகை என்பது அவசரத்துக்கு உதவும் சேமிப்பு. வைர மோதிரம் அந்த வேலையைச் செய்யாது. நகைக்கடன் தரும் வங்கிகளும் நிறுவனங்களும் தங்கத்தின் எடையையும் தூய்மையையும் மட்டுமே கணக்கில் எடுக்கும். கல்லுக்கு மதிப்பு போட மாட்டார்கள். ஒரு லட்ச ரூபாய் மோதிரமாக இருந்தாலும், அதில் இருக்கும் சில கிராம் தங்கத்துக்கு உண்டான கடன்தான் கிடைக்கும்.

திரும்ப விற்பதும் கடையைப் பொறுத்தது. வாங்கிய கடையே எத்தனை சதவீதத்துக்கு எடுத்துக்கொள்ளும், பணமாகத் தருமா, வேறு நகையாக மட்டும்தானா, லேப் குரோனுக்கு என்ன விதி என்பதை முன்பே கேளுங்கள். செய்கூலியும் வரியும் பொதுவாகத் திரும்ப வராது. எனவே கடன் வாங்கியோ, ஈஎம்ஐ போட்டோ பெரிய கல் வாங்கும் முன் இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

மூணு நாள் வச்சுப் பார்க்கணுமா?

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்காது, மூணு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடணும் என்ற நம்பிக்கை சில குடும்பங்களில் உண்டு. கல் ராசிக்கு ஒத்துவருமா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த மூணு நாளை உபயோகமாகவே செலவிடலாம். காலை வெளிச்சம், டியூப் லைட், மாலை நேரம் என்று எல்லா வெளிச்சத்திலும் கல் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா, எத்தனை நாளுக்குள், என்ன பிடித்தம் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுத்தியலால் தட்டிப் பார்க்கும் 'டெஸ்ட்' மட்டும் வேண்டவே வேண்டாம். வைரத்தைக் கீறுவதுதான் கஷ்டம். ஓங்கி அடித்தால் உடையும்.

பில் போடும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. இது இயற்கை வைரமா, லேப் குரோனா? பில்லில் அதை எழுதித் தருவீர்களா?
2. எந்த ஆய்வகத்தின் அறிக்கை? எண்ணை இப்போதே சரிபார்க்கலாமா?
3. கட் தரம் என்ன?
4. சொன்ன கேரட் ஒரே கல்லுக்கா, மொத்தக் கற்களுக்கா?
5. கல் எடை கழித்த பிறகு தங்கம் எத்தனை கிராம்?
6. வைர விலை, தங்க விலை, செய்கூலி, ஜிஎஸ்டி நான்கும் பில்லில் தனித்தனியாக வருமா?
7. திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? எங்கே எழுதியிருக்கிறது?

வாங்கிய பிறகு பிரச்சினை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது பில்லும் ஆய்வக அறிக்கையும்தான். "வாயால சொன்னாங்க" என்பது அங்கே எடுபடாது.

சுருக்கமாகச் சொன்னால், கண்ணுக்குத் தெரிகிற விஷயத்துக்குப் பணம் கொடுங்கள், அது கட். கண்ணுக்குத் தெரியாத விஷயத்தைக் காகிதத்தில் வாங்குங்கள், அது இயற்கையா, ஆய்வகமா என்பதும் மற்ற தரங்களும். விரல் அளவு எடுத்து, கல் தேர்ந்தெடுத்து, மோதிரம் செய்து வாங்க நாள் பிடிக்கும். அதனால் நிச்சயத்துக்கு ஒரு மாதம் முன்பே கடை ஏறிவிடுங்கள். அவசரம் இல்லை என்றால், இந்த ஏழு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதும் சுலபம்.